பரோல் மீறல் வந்தால் என்ன செய்வது? புதிய பரோல் அதிகாரிக்கு ஒரு வழிகாட்டி

திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குள் நுழையும்போதே மூன்று விவகாரங்கள் காத்திருக்கும். ஒருவர் வெள்ளிக்கிழமை நேரில் வந்து ஆஜராகியிருக்க வேண்டும், வரவில்லை. இன்னொருவரின் சிறுநீர் சோதனையில் கஞ்சா பாசிட்டிவ். மூன்றாமவர் காலில் கட்டியிருக்கும் ஜிபிஎஸ் கருவி சனிக்கிழமை இரவு 11 மணிக்கு மேல் 40 நிமிடம் சிக்னலே தரவில்லை. காகிதத்தில் மூன்றுமே பரோல் மீறல்கள்தான். மூன்று பேர் மீதும் வாரண்ட் கேட்கலாம். மூன்று பேரையும் கூப்பிட்டுக் கண்டித்து அனுப்பலாம். பேசாமல் ஃபைலை மூடிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கவும் செய்யலாம். பெரும்பாலும் அது உங்கள் முடிவு.

அமெரிக்காவில் பரோல் அதிகாரியாகப் புதிதாகச் சேர்கிறவர்களுக்கும், குற்றவியலோ சமூகப்பணியோ படித்துவிட்டு அங்கே பயிற்சிக்குப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பரோலில் இருப்பவரின் வீட்டாரும் படிக்கலாம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் என்ன யோசிக்கிறார் என்று தெரிந்துகொள்வதில் நஷ்டமில்லை. இங்கே பேசுவது கைதி ஒருவர் கல்யாணத்துக்கோ சாவுக்கோ நாலு நாள் வெளியே வந்துபோகும் பரோல் அல்ல. தண்டனைக் காலம் முடியும் முன்பே விடுதலையாகி, மிச்ச நாட்களை நிபந்தனைகளோடு வெளியில் கழிப்பதைத்தான் அங்கே பரோல் என்கிறார்கள். நிபந்தனையை மீறினால் அந்த மிச்சத்தை உள்ளே போய்க் கழிக்க நேரலாம்.

அப்படி உள்ளே போகிறவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. மாநில அரசுகளுக்கான கவுன்சில் ஆஃப் ஸ்டேட் கவர்ன்மென்ட்ஸ் அமைப்பின் நீதி மையம் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, மாநிலச் சிறைகளுக்குள் புதிதாக அனுப்பப்பட்டவர்களில் 45 சதவீதம் பேர் பரோல் அல்லது நன்னடத்தைக் கண்காணிப்பு (சிறைக்குப் பதிலாக நிபந்தனைகளோடு வெளியில் விடுவது, அங்கே இதை புரொபேஷன் என்பார்கள்) விதிகளை மீறியதற்காகப் போனவர்கள். உள்ளே போன அத்தனை பேரிலும் ஏறக்குறைய கால்வாசிப் பேர் புதுக் குற்றம் எதுவும் செய்யவில்லை. ஆஜராகாதது, சோதனையில் தோற்றது, ஊரடங்கு நேரத்தில் (அவர் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று குறித்த நேரம்) வெளியே இருந்தது போன்ற விதி மீறல்களுக்காகவே போனார்கள். இந்த வகையை டெக்னிக்கல் மீறல் என்பார்கள்.

பரோல் போர்டு (பரோல் பற்றி முடிவெடுக்கும் மாநிலக் குழு), நீதிமன்றம், வழக்கறிஞர் எல்லாரும் வருவதற்கு முன்பே முக்கியமான முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. நடந்ததை மீறல் என்று பதிவு செய்வதா வேண்டாமா என்பதுதான் அது. இந்தத் தொழிலில் யாரும் சரிபார்க்காத முடிவும் அதுவே. சிறைக்கு அனுப்பினால் விசாரணை உண்டு. கண்டுகொள்ளாமல் விட்டால் யாரும் கேட்பதில்லை. ஆகவே உங்கள் ஒழுங்கு முதலில் இருக்க வேண்டிய இடம் அங்கேதான்.

படி 1: இது யாருடைய பரோல்?

அமெரிக்கா முழுவதற்கும் ஒரே பரோல் சட்டம் கிடையாது. ஒரு மாநிலத்தில் பரோலை ரத்து செய்வது பரோல் போர்டு, இன்னொன்றில் நீதிமன்றம். கலிஃபோர்னியாவில் 2013 ஜூலை முதல் பெரும்பாலான ரத்து விசாரணைகள் போர்டிலிருந்து கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) நீதிமன்றங்களுக்குப் போய்விட்டன. பெரும்பாலானவர்களுக்கு அதிகபட்சம் 180 நாள் கவுண்டி சிறைதான், மாநிலச் சிறை கிடையாது. மெய்ன் மாநிலம் 1976இலேயே பரோலைக் கைவிட்டது. ஃபெடரல் (மத்திய அரசு) வழக்குகளில் 1987 நவம்பர் 1க்குப் பிந்தைய குற்றங்களுக்குப் பரோலே இல்லை. அதற்குப் பதிலாக, சிறைக் காலம் முடிந்த பிறகு தொடங்கும் கண்காணிப்பு விடுதலை என்ற ஏற்பாடு இருக்கிறது. அதைப் பார்ப்பவர்கள் நீதிமன்றத்தின் கீழ் வரும் புரொபேஷன் அதிகாரிகள்.

பக்கத்து மாநிலத்தில் வேலை பார்த்த நண்பர் சொன்னதை நம்பி இங்கே முடிவெடுக்காதீர்கள். உங்கள் மாநிலச் சட்டம், துறையின் கையேடு, அலுவலகச் சுற்றறிக்கை மூன்றையும் முதல் வாரத்திலேயே உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

படி 2: நிபந்தனைத் தாளை அவரோடு உட்கார்ந்து படியுங்கள்

பொது நிபந்தனைகள் எல்லாருக்கும் பொதுவானவை: குறித்த நாளில் ஆஜராவது, வீடு மாறினால் சொல்வது, ஆயுதம் வைத்திருக்காதது, அனுமதியில்லாமல் மாநிலத்தை விட்டு வெளியே போகாதது. சிறப்பு நிபந்தனைகள் ஆளுக்கு ஆள் மாறும். இன்னாரைத் தொடர்புகொள்ளக் கூடாது, இந்தச் சிகிச்சைக்குப் போக வேண்டும், இரவு 9க்கு மேல் வீட்டில் இருக்க வேண்டும் என்பது போல.

ஒருவர் தலையில் பதினைந்து இருபது நிபந்தனைகள் இருப்பது சாதாரணம். அத்தனையையும் ஒரே நாளில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினால், 'தெரியாது' என்று பின்னால் அவர் சொல்லும்போது உங்களிடம் கையெழுத்து இருக்கும், அவ்வளவுதான். அவருக்குப் புரிந்ததா என்பதற்குச் சான்று இருக்காது. ஒவ்வொன்றுக்கும் 'இதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள் பார்ப்போம்' என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடியாத நிபந்தனைதான் சீக்கிரம் மீறப்படும்.

நிறைவேற்றவே முடியாத நிபந்தனையும் கண்ணில் படும். இரவு ஷிஃப்ட் வேலைக்காரருக்கு இரவு ஊரடங்கு, கார் ஓட்டும் உரிமம் இல்லாதவருக்கு 30 மைல் தள்ளி வகுப்பு. மீறல் வரும்வரை காத்திருக்காமல் நிபந்தனையை மாற்றச் சொல்லி இப்போதே எழுதுங்கள். இதுவும் உங்கள் அதிகாரத்தில் சேர்த்திதான். ஆனால் இதை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

படி 3: சட்டம் எங்கே உங்கள் கையைக் கட்டுகிறது?

எல்லா மீறலிலும் உங்களுக்கு விருப்புரிமை இல்லை. ஃபெடரல் தண்டனை வழிகாட்டு விதிகள் நெடுங்காலமாக மீறல்களை ஏ, பி, சி என மூன்று தரமாகப் பிரித்து வந்திருக்கின்றன. வன்முறை, போதைப்பொருள் கடத்தல் போன்ற கடும் குற்றங்கள் ஏ. ஓராண்டுக்கு மேல் தண்டனை தரக்கூடிய மற்ற குற்றங்கள் பி. சின்னக் குற்றங்களும் டெக்னிக்கல் மீறல்களும் சி. ஏ, பி இரண்டும் நீதிமன்றத்துக்குப் போயே ஆக வேண்டும். சி தரத்தில் மட்டும் ஒரு விலக்கு. மீறல் அற்பமானது, தொடர்ச்சியான போக்கின் பகுதி அல்ல, சொல்லாமல் விட்டால் யாருக்கும் தகாத ஆபத்து இல்லை, நீதிமன்றத்தின் உத்தரவுக்கும் முரணில்லை என்று அதிகாரி கருதினால் விட்டுவிடலாம். நீங்கள் மாநில அதிகாரியாகவே இருந்தாலும் இந்த நான்கு கேள்விகளையும் மேசைக் கண்ணாடிக்கடியில் எழுதி வையுங்கள். முடிவெடுக்கும் அதிகாரம் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன விதியை நான் பார்த்ததில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. கண்காணிப்பு விடுதலையில் இருப்பவர் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தாலோ, சோதனைக்கு வர மறுத்தாலோ, ஒரே ஆண்டில் 3 முறைக்கு மேல் போதைப்பொருள் சோதனையில் பாசிட்டிவ் ஆனாலோ நீதிமன்றம் ரத்து செய்தே ஆக வேண்டும் என்கிறது ஃபெடரல் சட்டம். போதைச் சோதனையைப் பொறுத்தவரை சிகிச்சையைக் காரணம் காட்டி விலக்குத் தர இடமிருக்கிறது.

சில மாநிலங்கள் மேல்வரம்பையும் போட்டுவிட்டன. நியூயார்க்கில் 2021இல் கையெழுத்தாகி, 2022 மார்ச் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த 'லெஸ் இஸ் மோர்' சட்டப்படி, பெரும்பாலான டெக்னிக்கல் மீறல்களுக்கு முதல் இரண்டு தடவை சிறையே கிடையாது. மூன்றாவது தடவை 7 நாள், நான்காவது தடவை 15 நாள், அதற்குப் பிறகு 30 நாள்தான் உச்சம். ஒழுங்காக இருக்கும் ஒவ்வொரு 30 நாளுக்கும் பரோல் காலத்தில் 30 நாள் கழிவும் உண்டு. இந்தச் சட்டம் உள்ள இடத்தில் 'உள்ளே தள்ளிவிடுவேன்' என்று மிரட்டிப் பிழைப்பு நடத்த முடியாது. அது நல்லதுக்குத்தான் என்பது என் கட்சி.

படி 4: முதலில் நடந்ததா என்று பாருங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். தாளில் பாசிட்டிவ் என்று இருந்தால் ஆள் போதையில் இருந்தார் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அலுவலகத்தில் செய்யும் கப் சோதனை முதல்கட்டச் சோதனை மட்டுமே. சில சளி மருந்துகளில் உள்ள சூடோஎஃபெட்ரின், ஆம்ஃபெட்டமின் போலக் காட்டிவிடும். கசகசா தின்றவருக்கு ஓபியேட் காட்டக்கூடும். அவர் மறுத்தால் அதே மாதிரியை லேபுக்கு அனுப்பி, மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் உறுதி செய்த பிறகு பேசுங்கள். தினமும் கஞ்சா புகைத்துவந்தவர் நிறுத்திய பிறகும் சில வாரங்கள், சிலருக்கு ஒரு மாதம்கூட, பாசிட்டிவ் வரலாம். ஆகவே 1ஆம் தேதி ஒரு பாசிட்டிவ், 12ஆம் தேதி ஒரு பாசிட்டிவ் என்றால் இரண்டு மீறல் என்று அவசரப்பட்டு எழுதாதீர்கள். இரண்டும் நிறுத்துவதற்கு முன் புகைத்ததன் எச்சமாக இருக்கலாம். எதிர்த்திசையிலும் ஏமாறக் கூடாது. நெகட்டிவ் வந்த மாதிரியில் கிரியாட்டினின் (சிறுநீரில் இயல்பாக இருக்கும் கழிவுப்பொருள்) டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், தண்ணீராகக் குடித்துத் தள்ளிவிட்டு வந்திருக்கிறாரா என்று யோசிக்க வேண்டும்.

ஜிபிஎஸ் கருவியும் அப்படித்தான். கான்கிரீட் கட்டடத்துக்குள்ளும் நிலவறையிலும் சிக்னல் போய்விடும். வீட்டுக்குள் தூங்குகிறவரைத் தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்பதாகவும் காட்டும். சார்ஜ் போட மறந்தால் அணைந்துவிடும். இந்த மாதிரி எச்சரிக்கைகள் வாரத்துக்கு எத்தனையோ வரும். வரைபடத்தில் புள்ளிகள் எந்தப் பாதையில் நகர்ந்தன, கடைசிப் புள்ளி எங்கே, சிக்னல் திரும்பியது எங்கே என்று பாருங்கள். போன இடத்திலேயே திரும்பியிருந்தால் அநேகமாக ஆள் நகரவில்லை. போன இடத்துக்கு நாலு மைல் தள்ளித் திரும்பியிருந்தால் கூப்பிட்டுப் பேச விஷயம் இருக்கிறது.

ஆஜராகாதவருக்கு முதலில் போன் போடுங்கள். பிறகு வீடு, வேலை செய்யும் இடம். பிறகு மருத்துவமனை, உள்ளூர்ச் சிறை. வேறு ஊர் போலீஸ் பிடித்து வைத்திருப்பவரைத் தலைமறைவு என்று எழுதி வாரண்ட் வாங்கினால் சிரிப்பார்கள்.

நேரில் வந்ததும் 'ஏன் வரவில்லை?' என்று ஆரம்பித்தால் சாக்குதான் வரும். 'வியாழன் ராத்திரி வேலைக்குப் போனதிலிருந்து என்ன நடந்தது, வரிசையாகச் சொல்லுங்கள்' என்று கேட்டால் கதை வரும், கதையில் சரிபார்க்க விவரங்களும் வரும். ஒருவர் கிடங்கில் இரவு 10 முதல் காலை 6 வரை வேலை. வெள்ளி காலை 9க்கு உங்களிடம் ஆஜர். 6 மணிக்கு முடித்து, இரண்டு பஸ் மாறி, 7:30க்கு வீடு சேர்ந்து, ஒரு மணி நேரம் கண்ணயரலாம் என்று படுத்தவர் மதியம் எழுந்தார். நேரப்பதிவு அட்டையைக் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னாலே போதும். அட்டை பொருந்தினால் இந்த மீறலுக்கு மருந்து வாரண்ட் அல்ல. ஆஜராகும் நேரத்தை மாலை 4க்கு மாற்றுவதுதான்.

படி 5: எடை போடுதல்

நடந்தது உண்மை என்று தெரிந்த பிறகு கேட்க வேண்டியவை மூன்று. மீறல் எவ்வளவு கடுமையானது? இந்த ஆள் எவ்வளவு ஆபத்தானவர்? இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

மூன்றாவதுதான் பலர் மறப்பது. குடித்துவிட்டு மனைவியை அடித்ததற்காகச் சிறை போனவர் ஒரு பியர் குடித்ததும், போலிக் காசோலை வழக்கில் போனவர் ஒரு பியர் குடித்ததும் தாளில் ஒரே மீறல்தான். முதலாமவர் விஷயத்தில் அது பழைய பாதையின் முதல் அடி. இரண்டாமவரிடம் சும்மா ஒரு பியர். பாதிக்கப்பட்ட பெண்ணின் தெருவில் ஜிபிஎஸ் புள்ளி ஒன்று விழுந்தால் அன்றைக்கு வேறெந்த வேலையும் வேண்டாம். முதல் போன் அந்தப் பெண்ணின் பாதுகாப்புக்காகத்தான்.

ஆபத்தை அளக்கக் கருவிகள் உண்டு. எல்எஸ்ஐ-ஆர் என்ற 54 கேள்விப் படிவம், ஒஹாயோவின் ஓராஸ், காம்பாஸ் போன்றவை. இவை ஆளைப் பற்றிய பொதுவான ஊகம், இந்தச் சனிக்கிழமை என்ன நடந்தது என்பதற்கான பதில் அல்ல. மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு ஆளைப் பார்க்காமல் இருக்க வேண்டாம். ஆளைப் பார்த்ததும் 'எனக்கு மனசுக்குப் படுகிறது' என்று மதிப்பெண்ணைத் தூக்கியெறியவும் வேண்டாம்.

போக்கையும் பாருங்கள். ஆறு மாதம் ஒழுங்காக வந்தவர் இரண்டு வாரமாக நேரம் தவறுகிறார் என்றால் வேலை போயிருக்கலாம், வீட்டை விட்டுத் துரத்தியிருக்கலாம். அந்த மீறல் ஒரு தகவல். அதைத் தண்டித்து மூடிவிட்டால் தகவலும் சேர்ந்து மூடிப்போகும்.

ஓர் எச்சரிக்கை. அதிகம் தேடினால் அதிகம் கிடைக்கும். தீவிரக் கண்காணிப்புத் திட்டங்களை 14 இடங்களில் ஆராய்ந்து ராண்ட் ஆய்வு நிறுவனம் 1993இல் வெளியிட்ட முடிவு இது: நெருக்கமாகக் கண்காணிக்கப்பட்டவர்கள் புதுக் குற்றங்களுக்குக் கைதாவது குறையவில்லை, அவர்கள் மீது பதிவான டெக்னிக்கல் மீறல்கள்தான் கூடின. வாரம் மூன்று முறை பார்க்கும் ஆளின் ஃபைல் தடிமனாக இருப்பது அவரால் மட்டும் அல்ல.

படி 6: ஏணியில் எந்தப் படி?

உங்களிடம் இருப்பது கைது, மன்னிப்பு என்ற இரண்டு பொத்தான் மட்டும் அல்ல. வாய்மொழிக் கண்டிப்பு, எழுத்து எச்சரிக்கை, அடிக்கடி ஆஜராகச் சொல்வது, ஊரடங்கு, சிகிச்சைக்கு அனுப்புவது, மேலதிகாரி முன்னிலையில் உட்கார வைத்துப் பேசுவது, மின்னணுக் கண்காணிப்பு, ஹாஃப்வே ஹவுஸ் (சிறைக்கும் வீட்டுக்கும் நடுவிலான கண்காணிப்பு விடுதி), சட்டம் இடம் தரும் மாநிலங்களில் இரண்டு மூன்று நாள் லாக்கப். இவை எல்லாம் தாண்டித்தான் ரத்து. ஒஹாயோ 2005இலேயே இவற்றைக் கட்டம் கட்டமான ஓர் அட்டவணையாகப் போட்டுவிட்டது. ஆளின் ஆபத்து நிலை, மீறலின் எண்ணிக்கை, கடுமை மூன்றையும் வைத்து எந்தப் படி என்று அந்தக் கட்டம் சொல்லும். கலிஃபோர்னியாவிலும் அப்படி ஒரு முடிவுக் கருவி வந்தது. கட்டம் சொல்வதை விட்டு விலக அனுமதி உண்டு, ஆனால் காரணம் எழுத வேண்டும். கட்டம் பிடிக்காத மூத்த அதிகாரிகளைப் பார்ப்பீர்கள். எனக்கு அது பிடிக்கும். விலகும் ஒவ்வொரு தடவையும் ஏன் விலகுகிறேன் என்று யோசிக்க வைக்கிறதே, அதற்காகவே.

வேகம் முக்கியம். மூன்று வாரம் கழித்து வரும் கடுமையைவிட மறுநாள் வரும் சின்ன விளைவு மனதில் நிற்கும். ஹவாயில் நீதிபதி ஸ்டீவன் ஆல்ம் 2004இல் தொடங்கிய ஹோப் திட்டம் இதை வைத்துத்தான் பேர் வாங்கியது. புரொபேஷனில் இருப்பவர் சோதனையில் தோற்றால் உடனே சில நாள் சிறை, தவறாமல். ஆரம்ப முடிவுகள் பிரமாதமாக இருந்தன. ஆனால் அதே முறையை ஆர்கன்சா, மாசச்சூசெட்ஸ், ஓரிகன், டெக்சாஸ் ஆகிய 4 மாநிலங்களில் வைத்துப் பார்த்து 2016இல் வந்த ஆய்வில் மொத்தத்தில் மறுகைதுகள் குறிப்பிடும்படி குறையவில்லை. வேகம் உதவும், வேகம் மட்டும் போதாது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நல்லது செய்தால் அதையும் குறித்துச் சொல்லுங்கள். ஒரு தண்டனைக்குக் குறைந்தது நான்கு பாராட்டு என்று பயிற்சியில் சொல்லித் தருவார்கள். 90 நாள் சுத்தமாக இருந்தவருக்கு ஆஜராகும் நாட்களைக் குறைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. கடிந்துகொள்ள மட்டும் ஃபைலைத் திறக்கும் அதிகாரியிடம் யாரும் உண்மை பேச மாட்டார்கள்.

அபராதமோ கட்டணமோ கட்டாததைத் தனியாகப் பாருங்கள். கையில் காசு இருந்தும் கட்டாதவர் வேறு, வழியே இல்லாதவர் வேறு. கட்ட இயலாமைக்காக மட்டும் ஒருவரின் புரொபேஷனை ரத்து செய்யக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1983இல் பியர்டன் எதிர் ஜார்ஜியா வழக்கில் சொல்லியிருக்கிறது. வேறு வழிகள் எதுவும் போதாது என்றால்தான் விதிவிலக்கு. வங்கித் தாளையும் சம்பளச் சீட்டையும் பார்க்காமல் 'வேண்டுமென்றே கட்டவில்லை' என்று எழுத வேண்டாம்.

படி 7: மேலதிகாரியும் உங்கள் பயமும்

பெரும்பாலான அலுவலகங்களில் வாரண்ட் கேட்கும் முன் மேலதிகாரியோடு கலந்து பேச வேண்டும். இது சடங்கல்ல, உங்களுக்கான பாதுகாப்பு. விட்டுவிடலாம் என்று நினைக்கும் வழக்குகளையும் எடுத்துப் போங்கள். கைது செய்ய நினைப்பதை மட்டும் கலந்து பேசும் பழக்கம் வந்தால், விட்டதெல்லாம் உங்கள் ஒருவர் தலையில்தான் விடியும்.

உங்கள் பட்டியலில் உள்ள ஒருவர் கொலை செய்தால் தொலைக்காட்சியில் வரும். 'போன மாதமே சோதனையில் தோற்றவரை ஏன் விட்டீர்கள்' என்று கேட்பார்கள். நீங்கள் விட்டதால் வேலையைக் காப்பாற்றிக்கொண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் இருபது பேரைப் பற்றி எந்தச் செய்தியும் வராது. ஆகவே இந்த அலுவலகங்களில் தராசு எப்போதும் சிறைப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும். யாருடைய கெட்ட எண்ணத்தாலும் அல்ல, பயத்தால். முடிவெடுக்கும் முன் 'இதை அவர் செய்ததற்காகச் செய்கிறேனா, என்னைக் காப்பாற்றிக்கொள்ளவா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது என்றால் சரியான மருந்து நல்ல குறிப்பு எழுதுவது. அதற்கு வருவோம்.

போலீஸ் நண்பர்கள் விஷயத்திலும் கவனம். 2006இல் சாம்சன் எதிர் கலிஃபோர்னியா வழக்கில், கலிஃபோர்னியாவின் விதிப்படி பரோலில் இருப்பவரைச் சந்தேகமே இல்லாமல் சோதனையிடலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டத்துக்கு மாறாக எடுத்த சான்றையும் பரோல் ரத்து விசாரணையில் ஏற்கலாம் என்று 1998இல் பென்சில்வேனியா வழக்கு ஒன்றில் முடிவானது. பல இடங்களில் சாதாரணப் போலீஸ்காரருக்கு இல்லாத அதிகாரம் உங்களிடம் குவிந்திருக்கிறது. 'நீ போய் வீட்டைத் திற, நான் பின்னால் வருகிறேன்' என்று வாரண்ட் இல்லாத போலீஸ்காரர் சொன்னால், மேலதிகாரியிடம் பேசாமல் காலடி எடுத்து வைக்காதீர்கள்.

படி 8: எழுதுங்கள், விட்டதையும் எழுதுங்கள்

மோசமான குறிப்பு இப்படி இருக்கும்: 'ஆஜராகவில்லை. எப்போதும் இப்படித்தான். மனப்பான்மை சரியில்லை. கண்டிக்கப்பட்டார்.' ஒரு வருடம் கழித்து இதை வாசிக்கும் யாருக்கும் ஒன்றும் புரியாது. 'எப்போதும்' என்றால் எத்தனை தடவை? மனப்பான்மை என்றால் என்ன சொன்னார்?

உருப்படியான குறிப்பு: '14ஆம் தேதி காலை 9 மணிக்கு ஆஜராகவில்லை. 10:20க்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மதியம் 1:05க்கு அவரே அழைத்தார். இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கிவிட்டதாகச் சொன்னார். நேரப்பதிவு அட்டையைப் பார்த்தேன்: 13ஆம் தேதி இரவு 10:02 முதல் காலை 6:11 வரை வேலை. கடந்த 5 மாதத்தில் தவறியது இதுவே முதல் முறை. 14ஆம் தேதி மாலை செய்த சோதனை நெகட்டிவ். எழுத்து எச்சரிக்கை கொடுத்தேன். ஆஜராகும் நேரத்தை மாலை 4க்கு மாற்றினேன். மீண்டும் தவறினால் மேலதிகாரி முன் ஆஜராக வேண்டும் என்று சொன்னேன், புரிந்தது என்றார்.'

இதில் தீர்ப்பு இல்லை, நடந்தது இருக்கிறது. பார்த்தது எது, கேட்டது எது என்று பிரித்திருக்கிறது. ஏன் விட்டீர்கள் என்பதும் இருக்கிறது. நாளைக்கு ஏதாவது விபரீதம் நடந்தாலும் உங்களைக் காப்பாற்றப் போவது இந்தப் பத்து வரிகள்தான், கைது எண்ணிக்கை அல்ல.

படி 9: ரத்துக்கு அனுப்பும்போது

சில சமயம் அனுப்பித்தான் ஆக வேண்டும். அப்போது உங்கள் வேலை முறைப்படி நடந்துகொள்வது.

முறையை வகுத்தது 1972இல் வந்த மாரிசி எதிர் ப்ரூவர் தீர்ப்பு. அயோவாவில் போலிக் காசோலை வழக்கில் பரோலில் வந்த ஒருவர், பொய்ப் பேரில் கார் வாங்கினார், பொய்ப் பேரில் கடன் வாங்கினார், தங்குமிடத்தைத் தெரிவிக்கவில்லை என்பது போன்ற காரணங்களால் பரோல் அதிகாரியின் அறிக்கையின் பேரில் திருப்பி அனுப்பப்பட்டார். விசாரணை எதுவும் நடக்கவில்லை. பரோலில் இருப்பவரின் சுதந்திரம் அரைகுறையானாலும் சுதந்திரமே, அதைப் பறிக்க முறை வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

அதன்படி இரண்டு கட்டம். முதலில், கைதான இடத்துக்கு அருகிலேயே, தாமதமில்லாமல் ஒரு பூர்வாங்க விசாரணை. மீறல் நடந்ததாக நம்பக் காரணம் இருக்கிறதா என்று பார்ப்பவர் அந்த வழக்கில் நேரடியாகச் சம்பந்தப்பட்டவராக இருக்கக் கூடாது, அதாவது நீங்களாக இருக்கக் கூடாது. பிறகு, நியாயமான காலத்துக்குள் ரத்து விசாரணை. இரண்டு மாதம் நியாயமற்றதல்ல என்று நீதிமன்றம் சொன்னது. இரண்டாம் கட்டத்தில் அவருக்கு உள்ள உரிமைகள்: குற்றச்சாட்டு எழுத்தில், உங்கள் சான்றுகளைப் பார்ப்பது, தன் பக்கத்தைச் சொல்வது, சாட்சிகளை அழைப்பது, தகுந்த காரணம் இருந்தாலொழிய எதிர்ச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வது, நடுநிலையான அமைப்பு, முடிவுக்கான காரணங்கள் எழுத்தில். வழக்கறிஞர் வேண்டுமா என்பது வழக்கைப் பொறுத்தது என்று 1973இல் கானன் எதிர் ஸ்கார்ப்பெல்லி வழக்கில் முடிவானது. பல மாநிலங்கள் இதைவிட அதிகமாகவே கொடுக்கின்றன.

விசாரணைக்குப் போகும்போது குறிப்புகளின் பிரதி, லேப் தாள், அழைப்புப் பதிவு மூன்றும் கையில் இருக்கட்டும். இதற்கு முன் ஏணியில் எந்தெந்தப் படியை முயன்றீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். முதல் படியிலிருந்து நேரே கடைசிக்குத் தாவியிருந்தால் காரணமும் தயாராக இருக்க வேண்டும்.

அவரிடமும் நேரில் சொல்லுங்கள்: எதற்காக, எந்தச் சான்றின் பேரில், அடுத்து என்ன நடக்கும் என்று. விசாரணை முடிந்து பலர் திரும்பி உங்களிடமே வருவார்கள். அப்போது தொடங்க வேண்டிய பேச்சு இப்போது நீங்கள் நடந்துகொள்வதைப் பொறுத்தது.

படி 10: உங்களை நீங்களே தணிக்கை செய்யுங்கள்

மாதம் ஒரு நாள் உங்கள் முடிவுகளை எடுத்து வரிசையாக வையுங்கள். ஒரே மீறலுக்கு யாருக்கு எச்சரிக்கை, யாருக்கு லாக்கப்? மரியாதையாகப் பேசினவர் தப்பித்து, முறைத்துப் பேசினவர் மாட்டினாரா? அர்பன் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம் 2014இல் 4 இடங்களில் புரொபேஷன் ரத்துகளை ஆராய்ந்தபோது, கறுப்பினத்தவருக்கு ரத்து விகிதம் வெள்ளையரைவிடக் கூடுதலாக இருந்தது. ஆபத்து மதிப்பெண் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் இடைவெளி முழுதாக மறையவில்லை. உங்கள் மேசையில் அது நடக்கவில்லை என்று எண்ணிப் பார்க்காமல் சொல்ல முடியாது.

பரோலில் இருப்பவரின் வீட்டாருக்கு ஒரே ஒரு சொல்: தவறுவதற்கு முன் போன் செய்யச் சொல்லுங்கள். எடுக்காவிட்டால் வாய்ஸ்மெயில், முடிந்தால் குறுஞ்செய்தி. நேரமும் காரணமும் பதிவாகட்டும், வேலை அட்டையையும் மருத்துவச் சீட்டையும் பத்திரமாக வைக்கட்டும். மேலே சொன்ன நல்ல குறிப்பை எழுத அதிகாரிக்கு வேண்டிய தாள்கள் இவைதான்.

கடைசியாக, கேஸ் கைமாறும் நாள். நீங்கள் மாற்றலாகிப் போகும்போது ஃபைல் போகும், வாய்வாக்கு போகாது. 'இன்னும் ஒரு தடவை தவறினால் மேலதிகாரி' என்று சொல்லியிருப்பீர்கள், 'ஜூன் வரை ஒழுங்காக இருந்தால் ஊரடங்கை எடுத்துவிடுகிறேன்' என்றும் சொல்லியிருப்பீர்கள். கொடுத்த எச்சரிக்கைகள், சொன்ன வாக்குறுதிகள், விட்டுக்கொடுத்தவை, அவற்றின் காரணங்கள் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதிப் புதிய அதிகாரியிடம் கொடுங்கள். முடிந்தால் மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தைப் பரோலில் இருப்பவர் முன்னாலேயே வாசித்துக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.